சார்ட்டில் இல்லாத சோறு

போன வாரம், நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண் போன் செய்தாள். இப்போதெல்லாம் சர்க்கரை நோயாளிகள் என்ன சாப்பிட வேண்டும் என்பதைப் படம் போட்டு, கலர் கலராக, அவர்கள் போனுக்கே அனுப்பிவிடுகிறார்களாம். "அக்கா, ஒரு பெரியவரு அதுல இருக்கறத அப்படியே ஃபாலோ பண்றாரு. சுகர் சூப்பரா எறங்கிடுச்சி" என்றாள் சந்தோஷமாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, மொதல்ல அந்த ஆளு இன்னா சாப்பிடறாருன்னு கேளு. இப்பவே போயி கேளு" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோய் ஏன் அக்கா என்றாள். அது போனில் சொல்லி முடிகிற விஷயமா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் படிப்பு வேலூரில். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். முதல் வேலை சந்தவாசல் பக்கம். அங்கே இருந்த வரைக்கும் பிரசவம்தான். அப்புறம் ஆரணிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் கொடுத்து, சர்க்கரைப் பிரிவில் போட்டார்கள். பிரசவத்தில் பிள்ளை அழுதால் நம் வேலை முடிந்தது. சர்க்கரை நோயாளி விஷயத்தில் வேலை முடியவே முடியாது. ஓய்வு பெறும் நாள்வரை அதே ஆட்கள், அதே விரல்கள், அதே ஊசி.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குச் சர்க்கரை நாள். காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். ஒரு குத்து. பிறகு கொண்டுவந்த டிபன் டப்பாவைத் திறந்து புங்க மரத்தடியில் சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து. அப்புறம் டாக்டர், அப்புறம் மாத்திரை. மாத்திரை இலவசம், அதற்குத் தட்டுப்பாடும் இல்லை. சாப்பாடுதான் அவரவர் பாடு. ஆரணியோ அரிசிக்குப் பேர்போன ஊர். பஸ்ஸை விட்டு இறங்கினாலே மில்லில் நெல் அவிக்கிற வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனையில் நின்றுகொண்டு சோற்றைக் குறை என்று சொல்ல எனக்கே வாய் கூசும்.

எங்கள் டாக்டர் சின்ன வயசுக்காரர். பெயர் வேண்டாம், தங்கமான மனுஷன். உட்காரவே மாட்டார். நின்றபடி பார்ப்பார், நின்றபடி எழுதுவார், மதியச் சாப்பாட்டையும் ஜன்னலோரம் நின்றே முடித்துவிடுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒருவருக்குச் சர்க்கரை குறைந்திருந்தால் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக் குலுக்குவார். கூடியிருந்தால் திட்டமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் உங்களுக்குச் சரியா சொல்லல போல" என்று துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி நிற்பார். எங்கள் ஜனங்களால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கத்துகிற டாக்டர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், பதிலுக்குக் கத்தத் தெரியும். வருத்தப்படுகிற டாக்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஞாயிறு ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, திங்கள் முழுக்கப் பட்டினி கிடந்து, செவ்வாய்க்கிழமை வந்து விரலை நீட்டினார்கள். கிருத்திகை விரதத்தில்கூட ஒரு காபி உண்டு. எங்கள் திங்கட்கிழமை விரதத்தில் அதுவும் கிடையாது. புதன்கிழமை எல்லார் வீட்டிலும் கறிக்குழம்பு. குத்து வாங்கி வெளியே வந்தவரை மரத்தடியில் இருப்பவர்கள் சுற்றிக்கொண்டு, உனக்கு எவ்வளவு, உனக்கு எவ்வளவு என்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் கேட்பதுபோலக் கேட்பார்கள். ஒருவர் தைரியமாகத் தன் பேரில் தம்பியை அனுப்பினார். தம்பியின் சர்க்கரை அண்ணனுடையதைவிட அதிகம். அன்றைக்கு எங்களுக்குப் புதிதாக ஒரு நோயாளி கிடைத்தார்.

இந்த நிலைமையில்தான் சாப்பாட்டு சார்ட் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் டாக்டருக்கு அனுப்பிவைத்தார். வழவழவென்று காகிதம். காலையில் ஓட்ஸ், அரை ஆப்பிள், ஊறவைத்த பாதாம். மதியம் சிவப்பரிசிச் சோறு, வேகவைத்த ப்ரோக்கோலி, மீன். இடையில் வெள்ளரிக்காய், மோர். ராத்திரி இரண்டு சப்பாத்தி, பனீர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுவரில் ஒட்டியதே நான்தான். டாக்டர் ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்து, இதில் இருப்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் போகக் கூடாது என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

ப்ரோக்கோலி என்றால் என்ன என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். பச்சையாக ஒரு காலிபிளவர் என்றேன். சாயப்பட்டறையில் வேலை செய்கிற ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாதா காலிபிளவர பச்சை சாயத்துல முக்கியெடுத்தா ஆவுமா சிஸ்டர்? நம்ம கிட்ட கெட்டி சாயம், வெளுக்காது" என்றார். ஆகாது என்று சொல்லி அனுப்பினேன். ஆப்பிள் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். தனக்குத் தானே வாங்கித் தின்றால் அபசகுனம் என்று ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

மொத்தத்தில் எங்கள் ஜனங்கள் சார்ட்டை மரியாதையாக வாங்கி, மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். அதனால் பிழைத்தார்கள். ஒரே ஒருவர்தான் டாக்டர் சொன்னதைச் சொன்னபடி கேட்டார்.

அவர் ஏகாம்பரம். முள்ளிப்பட்டுக்காரர். வீட்டிலேயே தறி, ஆரணி முதலாளி ஒருவர் பட்டும் ஜரிகையும் கொடுக்க, சேலை நெய்து கொடுக்கும் கூலி வேலை. வேலை வந்தால் அடுப்பில் குழம்பு, வராவிட்டால் ரேஷன் அரிசியும் ரசமும். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவரும் மனைவி சகுந்தலாவும் மட்டும். அந்த அம்மா குறுக்கு இழையான ஊடைக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள், நெடுக்கு இழையான பாவுக்குக் கஞ்சி போடுவாள், செவ்வாய்க்கிழமை அவர் கூடவே வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை. அதனால் எங்கள் யாருக்கும் அவளிடம் வேலையும் இல்லை.

சார்ட் கொடுத்த அடுத்த மாதமே ஏகாம்பரத்தின் சர்க்கரை சரசரவென்று இறங்கியது. டாக்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அதற்கடுத்த மாதம் இன்னும் இறங்கியது. கையைக் குலுக்கியவர் விடவே இல்லை. எடை வேறு குறைந்திருக்கிறது பாருங்கள் சிஸ்டர் என்று என்னிடம் காட்டினார். சட்டை ஏகாம்பரத்தின் மேல் கொடியில் காய்வது மாதிரி தொங்கியது. சார்ட்டை ஒழுங்காகப் பின்பற்றுகிறீர்களா என்று டாக்டர் கேட்பார். "ஒரு இழை மாறல சார்" என்பார் அவர். அது பொய்யும் இல்லை.

பிறகு அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். எங்கே முகாம் நடந்தாலும் ஏகாம்பரம் மேடையில் உட்கார வேண்டும். டாக்டர் அவரைக் காட்டி, ஏழையாக இருந்தால் முடியாது என்று யார் சொன்னது, இவரைப் பாருங்கள் என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். பட்டு நெய்கிறவருக்கு நைலான் பொன்னாடை! அவர் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "பவர்லூம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மடித்து வைத்துக்கொள்வார். எத்தனையோ பேர் எத்தனையோ தடவை போர்த்தினார்கள். ஒரு வேளை சோறு போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிதாக விழிப்புணர்வு விழா வைத்தோம். மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். மேடைக்குப் பின்னால் 'சர்க்கரையை வெல்வோம்' என்று பேனர். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், மண்டபத்துக்குள் ஒரு சிட்டிகை சர்க்கரை நுழையக் கூடாது. வாட்ச்மேன் வாசலில் நின்று பைகளைத் திறந்து பார்த்தார். வந்தவர்களுக்குப் பாகற்காய்ச் சாறு, சர்க்கரை போடாத டீ. எங்கள் ஜீப்பில்தான் குளுக்கோஸ் பாட்டிலும் மருந்துப் பெட்டியும் இருந்தன. அந்த ஜீப் அதிகாரியை வாசலில் இறக்கிவிட்டு, அவர் ஆபீசில் மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியை எடுத்துவரப் போயிருந்தது.

ஏகாம்பரத்துக்கு வரிசையாகப் பொன்னாடைகள் விழுந்தன. கழுத்து தெரியாத அளவுக்குத் துணி. பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றார், நன்றாகத்தான் தொடங்கினார். பிறகு அதிகாரியைப் பார்த்து, "மச்சான், எப்ப வந்த?" என்றார். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். அடுத்து, "ஊடை வரல, ஊடை வரல" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கால்களையும் தறியில் மிதிப்பதுபோல மாற்றி மாற்றி மிதிக்க ஆரம்பித்தார். இதை ஏதோ நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். டாக்டர் கண் கலங்கி, "உணர்ச்சிவசப்பட்டுட்டார் சிஸ்டர்" என்றார் என்னிடம்.

உணர்ச்சியாவது மண்ணாவது! பொன்னாடையை விலக்கிப் பார்த்தால் மனுஷன் தொப்பலாக நனைந்திருந்தார். உடம்பு ஜில்லென்று இருந்தது. விரலில் குத்தி மெஷினில் வைத்தேன். நம்பரே வரவில்லை, அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று காட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வலிப்பு வரும், அப்புறம் உயிரே போய்விடும். சர்க்கரை வேண்டும், உடனே வேண்டும். அவ்வளவு பேர் கூடியிருக்கிற மண்டபத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லை. அதை அவ்வளவு ஜாக்கிரதையாக ஏற்பாடு செய்தவர்களே நாங்கள்தான்.

மைக்கைப் பிடுங்கி, யாரிடமாவது இனிப்பு இருந்தால் கொடுங்கள், ஒரு உயிர் போகிறது என்றேன். ஒருவரும் பையைத் திறக்கவில்லை. எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் திங்கட்கிழமை விரத முகம். டாக்டருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் மைக்கை வாங்கி, அந்த மெல்லிய குரலிலேயே, "யார்கிட்ட என்ன இருந்தாலும் குடுங்க. நான் பாக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பேனரைப் பார்த்து நின்றுகொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். சுருக்குப் பைகள் திறந்தன. இடுப்பு மடிப்புகள் அவிழ்ந்தன. கடலை மிட்டாய், தேன் மிட்டாய், வெல்லக்கட்டி, காகிதத்தில் சுற்றிய பாதி ஜாங்கிரி. ஒரு அம்மா தலையைக் குனிந்துகொண்டே ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சாக்லேட்டாக எடுத்துப் போட்டாள். வாசலில் பைகளைச் சோதித்த வாட்ச்மேனின் தொப்பிக்குள் பொரி உருண்டை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பெரிய அதிகாரி, சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பாவை எடுத்து மேசைக்கடியில் என் பக்கம் தள்ளினார்.

ஏகாம்பரத்தால் இன்னும் விழுங்க முடிந்தது, அந்த மட்டும் கடவுள் புண்ணியம். வெல்லத்தை இடித்துச் சர்க்கரை இல்லாத டீயில் கரைத்து, சகுந்தலா தலையைத் தாங்கிப் பிடிக்க, வாய் வாயாகப் புகட்டினேன். கால் மிதிப்பது மெதுவாக நின்றது. கண்ணைத் திறந்து, நாக்கைச் சப்பிப் பார்த்து, என்னை ஒரு முறை முறைத்தார்.

"இன்னா சிஸ்டர் இது, இனிக்குது? சார்ட்டுல இல்லியே?"

டாக்டர் திரும்பினார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளரிக்காய் என்றார். ஓட்ஸ்? இல்லை. ஆப்பிள்? இல்லை. நேற்று மதியம்? மோர். ராத்திரி? ரேஷனில் இந்த மாதம் கோதுமை போடவில்லை, அதனால் சப்பாத்தி இல்லை. மாத்திரை? அது வேளை தவறாமல் போட்டாராம், சார்ட்டின் அடியில் எழுதியிருந்ததாம்.

"ஓட்ஸ் இல்லன்னா அதுக்குப் பதிலா வேற ஏதாவது சாப்பிட்டிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

ஏகாம்பரம் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "பதிலா எப்டி சார் போடறது? மொதலாளி அரக்கு நூலு குடுக்கலன்னா நான் செவப்ப போட்டு நெய்ய முடியுமா? நூலு வர்ற வரைக்கும் தறிய நிறுத்திட்டு, துணி போட்டு மூடி வெச்சிட்டு, ஒக்காந்துகினு இருக்கணும். இஷ்டத்துக்கு ஒரு இழை மாத்தினாலும் சேலை திரும்பி வந்துடும். அதான் எது இல்லியோ அத வுட்டுட்டேன்."

உட்காரவே தெரியாத எங்கள் டாக்டர் மேடையின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்தில் மிட்டாய்க் குவியல். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அந்த மாத்திரை உடம்பில் இருக்கும் வரை சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்கும். அதனால் அன்று முழுக்க ஏகாம்பரத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து குளுக்கோஸ் ஏற்றினோம். அந்த மாத்திரையை டாக்டர் உடனே நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரெட்டைத் தொட மாட்டேன் என்று ஏகாம்பரம் அடம்பிடிக்க, டாக்டரே பக்கத்தில் நின்று பாலில் தோய்த்து ஊட்ட வேண்டியதாயிற்று. மறுநாள் மதியம் வீட்டுக்கு நாங்களே கொண்டுபோய் விட்டோம். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று டாக்டர் உள்ளே வந்தார்.

சமையல் இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். மூடியைத் திறந்தார். விளிம்பு வரைக்கும் அரிசி. ரேஷனில் மாதா மாதம் இலவசமாக வாங்கி, சாப்பிடாமல் சேர்த்து வைத்த வெள்ளை அரிசி. பக்கத்தில் துவரம் பருப்பு, கொஞ்சம் கேழ்வரகு மாவு, கொல்லையில் முருங்கை மரம், அதன் கீழே இரண்டு கோழி. வீடு நிறையச் சாப்பாடு இருக்க, மனுஷன் பட்டினியில் போகப் பார்த்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. டிரம் மூடியை டம்மென்று போட்டேன்.

டாக்டர் சகுந்தலாவைச் சமைக்கச் சொன்னார். அந்த அம்மா கொஞ்சம் சோறு, கெட்டியாகப் பருப்பு, தட்டில் பாதிக்கு முருங்கைக்கீரை, ஒரு முட்டை என்று அவர் சொல்லச் சொல்ல வைத்தாள். ஏகாம்பரம் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதான் புது டிசைனா சார்?"

"இதான்."

"கீரை இல்லன்னா?"

"இருக்கற காயப் போடுங்க."

"முட்டை இல்லன்னா?"

"பருப்ப கூட வெச்சிக்கங்க. அரிசி இல்லன்னா கேவுரு. எது இல்லன்னாலும் வேளைக்கு உக்காந்து சாப்பிடணும். தறி நிக்கவே கூடாது. இது என் உத்தரவு" என்றார் டாக்டர்.

முதலாளியே சொன்ன பிறகு அவருக்கு என்ன மறுப்பு? சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். எவ்வளவு நாளாயிற்றோ. டாக்டர் சுவரில் சாய்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். காரியம் முடிந்தது என்று நானும் பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

அப்போதுதான் சகுந்தலாவைப் பார்த்தேன். இத்தனை மாதமாக வாராவாரம் பார்த்த முகம்தான். கரண்டி பிடித்திருந்த கை குச்சியாக இருந்தது. கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறி நின்றது. அவள் பார்வை அவர் தட்டின் மேலேயே இருந்தது. ஏம்மா, நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"அவுரு சாப்பிடாம நான் எப்டி சிஸ்டர் சாப்பிடறது?"

"இன்னிக்கிக் கேக்கலம்மா. இத்தன மாசமா?"

"அவுரு கடிச்ச வெள்ளரிக்காயில பாதி. அப்புறம் பாவுக்கு கஞ்சி காச்சறப்ப, பாவு குடிச்சது போவ அடியில கொஞ்சம் நிக்கும். அத குடிச்சிட்டு நூலு சுத்திகினு கெடப்பேன். எனக்கு இன்னா, எனக்குதான் சர்க்கரை இல்லியே."

டாக்டர் சுவரைவிட்டு விலகி நேராக நின்றார். ஏகாம்பரம் இரண்டாவது கவளத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தார். மனைவியை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தார். டாக்டர் பதறிப்போய், உட்காருங்கள், நீங்கள் சாப்பிட வேண்டும் என்றார். அவர் காதில் வாங்கவில்லை. எச்சில் கையைக் கழுவினார், இன்னொரு தட்டை எடுத்தார், பானையைச் சாய்த்துச் சோற்றை அள்ளி அள்ளி வைத்தார். அளவெல்லாம் பார்க்கவில்லை.

"ஒக்காருடி" என்றார்.

அவள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவர் தன் தட்டுக்குத் திரும்பினார்.